ஆர்டரை விழுங்கிய ஃபில்டர்: சேலம் ஜவ்வரிசி ஆலை ஒன்றின் மெயில் விதிகள் குறித்த நிகழ்வு ஆய்வு

மகாராஷ்டிராவில் ஆஷாடி ஏகாதசி விரதம் இருப்பவர்கள் அன்றைக்குச் சோறு தொடமாட்டார்கள். ஜவ்வரிசிக் கிச்சடிதான் பலர் வீட்டில் சாப்பாடு. அடுத்து சிராவண மாதம், அதன்பின் நவராத்திரி என்று விரத நாட்கள் வரிசையாக வரும். அந்த ஜவ்வரிசியில் பெரும்பகுதி சேலம், நாமக்கல் பக்கத்து ஆலைகளிலிருந்து போகிறது. புனே, நாக்பூர், இந்தூர் வியாபாரிகள் சில வாரம் முன்பே சரக்கு சொல்லி வைப்பார்கள். பேச்சு போனிலும் வாட்ஸ்அப்பிலும் நடக்கும். விலை முடிந்த பிறகு எழுத்து ஆர்டர் மெயிலில் வரும்.

வாழப்பாடிப் பக்கம் உள்ள ஓர் ஆலைக்கு அப்படி வந்த ஆர்டர் ஒன்று யார் கண்ணிலும் படவில்லை. புனே வியாபாரி மூன்று மெயில் போட்டிருக்கிறார். பதில் வராததால் வேறு ஆலையில் சரக்கு எடுத்துவிட்டார். பல வருடப் பழக்கமுள்ள ஆள் என்பதால் புரோக்கரிடம் வருத்தப்பட்டுச் சொன்னார், புரோக்கர் முதலாளியிடம் சொன்னார், முதலாளி என்னைக் கூப்பிட்டார். சேலத்தில் சிறு நிறுவனங்களின் கம்ப்யூட்டர், மெயில் வேலைகளைப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். முதலாளியின் சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். ஆலையின் பெயரும் ஆட்களின் பெயரும் இதில் இல்லை.

மெயில் எங்கே போனது

ஆலையின் அலுவலகம் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கிறது. அங்கே மெயில் பார்ப்பவர் கணக்கு எழுதும் அக்கா. ஆலைக்குச் சொந்த டொமைன் (இணையத்தில் அதற்கென்று பதிந்த பெயர்) உண்டு, அதில் மெயில் ஐடியும் உண்டு. ஆனால் அந்த ஐடிக்கு வருவதையெல்லாம் ஹோஸ்டிங் சர்வர் (ஆலையின் இணையதளமும் மெயிலும் இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டர்) அப்படியே ஒரு ஜிமெயில் கணக்குக்குத் தள்ளிக்கொண்டிருந்தது. ஆலை இணையதளத்தை முன்பு செய்து கொடுத்தவர் வைத்த ஏற்பாடு அது. ஜிமெயிலில் வேண்டாத மெயில் பெருகியபோது அங்கேயே ஒரு ஃபில்டரும் போடப்பட்டிருந்தது. சப்ஜெக்ட் வரியில் 'ஆஃபர்', 'அர்ஜென்ட்', 'பேமெண்ட்', 'லோன்', 'கங்கிராஜுலேஷன்ஸ்' ஆகியவற்றில் ஏதாவது ஒரு சொல் இருந்தால் அந்த மெயில் நேராகக் குப்பைத் தொட்டிக்குப் போகவேண்டும். அவ்வளவுதான் விதி.

புனேக்காரரின் சப்ஜெக்ட்: 'அர்ஜென்ட், யுவர் ஆஃபர் அக்செப்டட், பேமெண்ட் அட்வைஸ் அட்டாச்டு.' விலை ஒத்துக்கொண்டு, முன்பணம் போட்டு, அவசரம் என்றும் சொன்ன ஒரு நல்ல வியாபாரி எழுதக்கூடிய மிக இயல்பான வரி. ஃபில்டர் தேடிய சொற்களில் மூன்று அதில் இருந்தன.

ஜிமெயில் குப்பைத் தொட்டியில் போனதை 30 நாளில் தானாக அழித்துவிடும். நான் போய்ப் பார்த்தபோது பிந்தைய இரண்டு மெயில்கள் தொட்டியில் கிடந்தன, முதலாவது அழிந்துபோயிருந்தது. அக்கா ஸ்பேம் ஃபோல்டரை வாரம் ஒரு முறை திறந்து பார்க்கும் பழக்கம் உள்ளவர். ஆனால் இந்த ஃபில்டர் ஸ்பேம் ஃபோல்டருக்கு அனுப்பவே இல்லை. தன் வேலையில் எந்தக் குறையும் வைக்காத ஒருவருக்கு இதனால் கெட்ட பெயர் வந்தது. அதை முதலில் முதலாளியிடம் தெளிவாகச் சொன்னேன்.

வந்து குவிந்தவை என்னென்ன

புது விதி எழுதுவதற்கு முன் பழைய மெயில்களை அக்காவோடு உட்கார்ந்து பிரித்தோம். இந்த வேலையை யாரும் தாண்டிப் போகக்கூடாது. எது வேண்டும், எது வேண்டாம் என்பது மெயில் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

முதல் வகை, ஆலை வேண்டாம் என்று சொன்னாலும் முறையான நிறுவனங்கள் அனுப்புபவை: கண்காட்சி அழைப்பு, கடன் திட்டம், மென்பொருள் விளம்பரம், வர்த்தகத் தளங்களின் தினசரித் தொகுப்பு. இரண்டாவது, யாரென்றே தெரியாதவர்கள் மொத்தமாகத் தூவுபவை: 'உங்கள் இணையதளத்தை கூகுளில் முதல் பக்கம் கொண்டுவருகிறோம்' மாதிரியானவை. மூன்றாவது ஆபத்தானவை. 'மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது, பாஸ்வேர்டு போட்டு உறுதி செய்யவும்' என்று ஆலையின் சொந்த டொமைன் பெயரிலேயே வந்தவை, விலைப்புள்ளி கேட்பதுபோல் எச்டிஎம்எல் அல்லது ஜிப் ஃபைல் இணைத்தவை, ஜிஎஸ்டி நோட்டீஸ் மாதிரி வேடம் போட்டவை.

நான்காவதாக ஒரு கூட்டம் இருந்தது, பிரிப்பதில் அதுதான் கடினம். ஜவ்வரிசியில் 'நைலான்' என்று ஒரு ரகம் உண்டு. வேகவைத்தால் கண்ணாடி போல் இருக்கும். வடக்கே அதற்கென்று தனி வியாபாரிகள் இருக்கிறார்கள். 'நைலான்' என்ற சொல் இருந்தால் ஆர்டர் என்று விதி எழுதலாமா என்று முதலாளி கேட்டார். பழைய மெயில்களில் தேடிப் பார்த்தோம். ஆலைகளுக்கு நைலான் வலை, நைலான் கயிறு விற்பவர்களின் விளம்பரங்களும் கூடவே வந்து விழுந்தன. ஜவ்வரிசியின் இந்திப் பெயரான 'சாபுதானா' என்ற சொல்லையோ வியாபாரிகள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டலில் எழுதியிருந்தார்கள். சிலர் சப்ஜெக்ட்டே போடவில்லை, வெறும் லாரி எண் மட்டும்.

சொல்லை நம்பி எழுதும் விதி இரண்டு பக்கமும் ஏமாற்றும். நல்லவர்கள் சொல்லைக் கவனித்து எழுதுவதில்லை. கெட்டவர்கள் மிகவும் கவனித்து எழுதுகிறார்கள். எழுத்துக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத குறிகளைச் செருகுவார்கள், ஆங்கில எழுத்துப் போலவே தோன்றும் ரஷ்ய எழுத்தைப் போடுவார்கள். படிக்கும் கண்ணுக்கு ஒரே சொல், ஃபில்டருக்கு வேறு சொல்.

"அப்ப எதத்தான் பாக்கறது தம்பி?" என்றார் முதலாளி.

"உங்க ஆலைல கெழங்கு லோடு வந்தா என்ன பண்ணுவீங்கண்ணா? டிரைவர் சொல்ற பாயிண்ட்டுக்கா வெல போடறீங்க?"

"அதெப்படி? சாம்பிள் எடுத்துப் பாயிண்ட் பாத்துட்டுத்தான்."

மரவள்ளிக் கிழங்குக்கு இங்கே மாவுச்சத்தின் அளவைப் பாயிண்ட் கணக்கில் பார்த்துத்தான் விலை. மெயிலிலும் அப்படி எடுத்துப் பார்க்கக்கூடிய சாம்பிள் இருக்கிறது. அதற்குப் பெயர் ஹெடர்: யார் அனுப்பியது, எந்த வழியாக வந்தது என்று மெயிலின் தலைப்பகுதியில் இருக்கும் குறிப்புகள்.

ஒரு மெயிலின் ஹெடர்

அலுவலகத்துக்கு வந்த ஒரு மெயிலை எடுத்துக்கொள்வோம். அனுப்பியவர் பெயர் என்று திரையில் தெரிந்தது நாக்பூர் வியாபாரி ஒருவரின் நிறுவனப் பெயர், அதை ஒட்டி அவருடைய உண்மையான மெயில் முகவரி. போனில் பார்த்தால் இவ்வளவுதான் தெரியும். முழு ஹெடரைத் திறந்தால், மேற்கோள் குறிக்குள் பெயராக அந்த முகவரியை எழுதிவிட்டு, கோணக் குறிக்குள் வேறொரு நாட்டு டொமைனில் ஒரு முகவரி இருந்தது. அதாவது பெயர் எழுதும் இடத்தில் ஒரு முகவரியைப் பெயராக எழுதியிருக்கிறார்கள். பதில் போடும் முகவரி மூன்றாவதாக ஓர் இலவச மெயில் கணக்கு.

இங்கேதான் விதி எழுதுபவர்கள் பலர் சறுக்குகிறார்கள். 'ஃபிரம் வரியில் இந்த முகவரி இருந்தால்' என்று விதி எழுதினால், பெயர் பகுதியில் இருக்கும் போலி முகவரியும் பொருந்திவிடும். நம்பிக்கையான ஆள் என்று விதியே சான்றிதழ் கொடுத்து அனுப்பிவைக்கும். 'ஃபிரம் வரியில் உள்ள முகவரி மட்டும் இதுவாக இருந்தால்' என்று எழுதவேண்டும். மெயில் சர்வரிலேயே ஓடும் சீவ் என்ற விதிமொழியில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சோதனைகள் உண்டு. 'ஹெடர்' சோதனை முழு வரியையும் பார்க்கும், 'அட்ரஸ்' சோதனை பெயரை ஒதுக்கிவிட்டு முகவரியை மட்டும் எடுக்கும். ரவுண்ட்கியூப் போன்ற வெப்மெயில் திரையில் விதியைத் தட்டி எழுதினாலும், பின்னால் உருவாகும் ஸ்கிரிப்டில் எந்தச் சோதனை வந்திருக்கிறது என்று ஒரு முறை படித்துவிடுவது நல்லது.

அடுத்த சறுக்கல் 'இருந்தால்' என்பதற்கும் 'முடிந்தால்' என்பதற்கும் இடையில். அரசு மெயில் என்று அடையாளம் காண 'கவ் டாட் இன்' என்று முகவரியில் எங்காவது இருந்தால் போதும் என்று எழுதினால், 'கவ் டாட் இன்' என்பதை நடுவில் வைத்துக் கடைசியில் வேறு எதிலோ முடியும் டொமைனும் உள்ளே வந்துவிடும். அப்படி ஒரு டொமைனை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். டொமைன் 'டாட் கவ் டாட் இன்' என்று முடிகிறதா என்றுதான் கேட்கவேண்டும். ஒரு போலி ஜிஎஸ்டி நோட்டீஸ் இதே உத்தியில் வந்திருந்தது.

முகவரி சரியாக இருந்தாலும் அதை உண்மையிலேயே அந்த டொமைன்காரர்தான் அனுப்பினாரா? இதற்கு மூன்று ஏற்பாடுகள் உண்டு. எந்த சர்வர்கள் என் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று டொமைன்காரர் அறிவித்து வைப்பது எஸ்பிஎஃப். மெயிலோடு டிஜிட்டல் கையொப்பம் வைப்பது டிகிம். இந்த இரண்டில் ஒன்றாவது தேறி, தேறிய டொமைனும் ஃபிரம் வரியில் தெரியும் டொமைனும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது டிமார்க்; தேறாத மெயிலை என்ன செய்யவேண்டும் என்று டொமைன்காரர் அறிவித்து வைப்பதும் இதில்தான். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். எஸ்பிஎஃப் சரிபார்ப்பது, சர்வர்கள் தங்களுக்குள் மெயிலைக் கைமாற்றும்போது சொல்லிக்கொள்ளும் 'உறை'யின் மேல் உள்ள அனுப்புநரை, அது திரையில் தெரிவதே இல்லை. திருடன் தன் சொந்த டொமைனுக்கு ஒழுங்காக எஸ்பிஎஃப் வைத்துக்கொண்டு, ஃபிரம் வரியில் மட்டும் உங்கள் வியாபாரியின் முகவரியைப் போடலாம். எஸ்பிஎஃப் தேறிவிடும், டிமார்க் தேறாது.

இந்த முடிவுகளை, மெயிலைப் பெறும் சர்வர் 'அத்தென்டிகேஷன் ரிசல்ட்ஸ்' என்ற ஹெடரில் எழுதிவைக்கும். அதைப் படித்து விதி எழுதலாம். ஆனால் அனுப்புபவனே அதே பெயரில் ஒரு ஹெடரை முன்கூட்டியே எழுதி அனுப்ப முடியும். அதனால் அந்த வரி நம் சர்வரின் பெயரோடு தொடங்குகிறதா என்பதையும் விதியில் சேர்த்தோம்.

ஃபார்வர்ட் செய்த கேடு

மேலே சொன்ன எதையும் ஜிமெயிலில் வைத்துச் செய்ய வழியில்லை. ஜிமெயில் ஃபில்டர் அனுப்புநர், பெறுநர், சப்ஜெக்ட், உள்ளே உள்ள சொல், இணைப்பு, மெயிலிங் லிஸ்ட் போன்ற சிலவற்றைத்தான் பார்க்கும். விருப்பப்பட்ட ஹெடரைப் பார்க்கச் சொல்ல முடியாது. வரிசையும் கிடையாது, பொருந்தும் ஃபில்டர்கள் எல்லாம் சேர்ந்தே வேலை செய்யும். 'இவர் தெரிந்தவர், இதோடு நிறுத்து' என்று சொல்ல அங்கே இடமில்லை.

அதைவிடப் பெரிய சிக்கல் ஃபார்வர்ட்தான். புனேயிலிருந்து கிளம்பிய மெயிலை ஹோஸ்டிங் சர்வர் வாங்கி, உறையை மாற்றாமல் ஜிமெயிலுக்குத் தள்ளியது. ஜிமெயில் பார்க்கும்போது மெயில் வந்து சேர்ந்தது ஹோஸ்டிங் சர்வரிலிருந்து, உறையில் இருப்பதோ புனே டொமைன். புனேக்காரரின் அறிவிப்பில் நம் ஹோஸ்டிங் சர்வரின் பெயர் எப்படி இருக்கும்? எஸ்பிஎஃப் தோற்கும். டிகிம் கையொப்பம் இருந்தால் அது தப்பிக்கும். சிறு வியாபாரிகள் பலரிடம் அது இல்லை. இன்னொரு பக்கம், ஆலைக்கு வந்த ஸ்பேம் முழுவதையும் ஹோஸ்டிங் சர்வரே ஜிமெயிலுக்கு அனுப்புவதாகக் கணக்கில் ஏறிக்கொண்டிருந்தது. இதனால் நல்ல மெயிலுக்கும் மதிப்புக் குறையும்.

ஃபார்வர்டை எடுத்தோம். மெயில் ஹோஸ்டிங் சர்வரிலேயே தங்கட்டும், அங்கேயே விதிகள் ஓடட்டும், அக்காவின் கம்ப்யூட்டரும் முதலாளியின் போனும் ஐமேப் (சர்வரில் இருக்கும் மெயிலை அங்கேயே வைத்துப் படிக்கும் முறை) வழியாக அதையே படிக்கட்டும் என்று முடிவு செய்தோம். விதியை அக்காவின் கம்ப்யூட்டரில் தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருளிலேயே போடலாமே என்று முதலாளி கேட்டார். போடலாம், ஆனால் கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும்தான் அது வேலை செய்யும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் பூட்டியிருக்கும்போது முதலாளியின் போனில் எல்லாக் குப்பையும் வந்து விழும்.

ஆலையின் ஹோஸ்டிங்கில் சீவ் வசதி ஏற்கனவே இருந்தது. இதன் முதல் தரநிலை 2001ல் ஆர்எஃப்சி 3028 என்று வெளிவந்தது, 2008ல் ஆர்எஃப்சி 5228 அதன் இடத்துக்கு வந்தது. இந்த மொழியை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. திரும்பத் திரும்பச் சுற்றும் கட்டளை எதுவும் அதில் வேண்டுமென்றே வைக்கப்படவில்லை, ஆகவே ஒருவர் எழுதிய விதி சர்வரை முடக்கிவிட முடியாது. எந்த விதியிலும் சிக்காத மெயில் தானாக இன்பாக்ஸில் தங்கும். ஓடும்போது விதியில் பிழை வந்தாலும் மெயில் இன்பாக்ஸுக்கே போகும். சந்தேகம் வந்தால் மெயிலைக் காப்பாற்று என்பது அதன் அடித்தளத்திலேயே இருக்கிறது.

விதிகளை வரிசைப்படுத்தியது

பழைய ஃபில்டர் வேண்டாததைத் தேடிப் போனது. நாங்கள் வேண்டியதிலிருந்து தொடங்கினோம். அழைத்தவர்களையும் தெரிந்தவர்களையும் முதலில் உள்ளே உட்காரவைத்துவிட்டால், மிச்சக் கூட்டத்தில் கொஞ்சம் கடுமையாக நடந்துகொள்ளலாம். வரிசை முறைப்படி ஓடும் சீவில் இதற்கு 'இதோடு நிறுத்து' என்ற கட்டளை இருக்கிறது.

ஆனால் தெரிந்தவர்களுக்கும் முன்னால், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதியை வைத்தேன். மெயிலின் உள்ளே 'ஐஎஃப்எஸ்சி', 'ஸ்விஃப்ட்', 'நியூ அக்கவுண்ட்', 'பேங்க் டீடெயில்ஸ்' போன்ற சொற்கள் இருந்தால், அனுப்பியவர் யாராக இருந்தாலும், எல்லாச் சோதனையும் தேறியிருந்தாலும், மெயிலுக்கு ஒரு சிவப்புக் குறி இட்டு, 'போன் பண்ணு' என்ற ஃபோல்டரில் ஒரு நகலும் வைக்கவேண்டும். இங்கே சொல்லைப் பார்த்து விதி எழுதுவது சரி. ஏனென்றால் இது எதையும் தூக்கி எறியவில்லை, ஒளிக்கவும் இல்லை. தவறிப்போய் நல்ல மெயில் மாட்டினால் அக்காவுக்கு ஒரு போன் பேசும் வேலை, அவ்வளவே. அந்தப் போனும் மெயிலில் உள்ள எண்ணுக்குப் போகக்கூடாது. பழைய பில்லிலோ, போனில் முன்பே பதிந்துவைத்ததிலோ உள்ள எண்ணுக்குத்தான்.

அதற்கு அடுத்து தெரிந்தவர்கள்: வியாபாரிகள், புரோக்கர்கள், சாக்கு விற்பவர், லாரி அலுவலகம், ஆடிட்டர். முகவரி பொருந்தி டிமார்க்கும் தேறினால் இன்பாக்ஸ். டொமைனுக்கு டிமார்க் அறிவிப்பே இல்லாத சிறு வியாபாரிகளுக்கு, அது இல்லை என்பதற்காகத் தண்டனை கொடுக்கவில்லை. அறிவிப்பு இருந்து தோற்றால் மட்டும் 'சந்தேகம்' ஃபோல்டர். பிறகு வங்கிகளும் அரசுத் துறைகளும், டொமைன் முடிவையும் டிமார்க்கையும் சேர்த்துப் பார்த்து. பிறகு ஆலையின் சொந்த டொமைன் பெயரில் வந்து சோதனையில் தோற்றவை, அவையும் 'சந்தேகம்'. 'மெயில்பாக்ஸ் நிரம்பிவிட்டது' மெயில்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த ஒரு விதியில் நின்றுவிட்டன.

அதன் கீழே ஒற்றை வரி விதி ஒன்று. மெயிலில் 'லிஸ்ட் அன்சப்ஸ்கிரைப்' ஹெடர் இருந்தால் 'பிறகு படிக்க' ஃபோல்டர். முறையான மொத்த மெயில்கள் இந்த ஹெடரைத் தாங்கி வருகின்றன. 1998லேயே வரையறுக்கப்பட்டது இது. 2024ல், ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புவோரின் விளம்பர மெயில்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதி இருக்கவேண்டும் என்று கூகுள் கட்டாயமாக்கியது. யாஹூவும் கூடவே செய்தது. கண்காட்சி, கடன், மென்பொருள் என்று ஒவ்வொருவரையும் துரத்திப் பிடிக்கவேண்டியதில்லை. முறையாக நடப்பவர்கள் தங்களைத் தாங்களே அடையாளம் காட்டுகிறார்கள். ஒரே எச்சரிக்கை, ஒரு பெரிய கடைத்தொடரின் கொள்முதல் ஆர்டர் மொத்த மெயில் சேவை வழியாக இதே ஹெடரோடு வந்துகொண்டிருந்தது. தெரிந்தவர்கள் விதி மேலே இருந்ததால் அது பிழைத்தது. வரிசை ஏன் முக்கியம் என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்த மெயிலைத்தான்.

கடைசியில் சர்வரின் ஸ்பேம் மதிப்பீட்டு மென்பொருள் 'ஆம்' என்று முத்திரை வைத்தவை ஸ்பேம் ஃபோல்டருக்கு. எச்டிஎம்எல், ஜிப், ஐஎஸ்ஓ இணைப்போடு முன்பின் தெரியாதவர் அனுப்பியவை 'சந்தேகம்'. எந்த விதியிலும் அழி என்ற கட்டளை இல்லை. 'ஏற்கவில்லை' என்று திருப்பி அனுப்பும் கட்டளையும் இல்லை. போலி மெயிலைத் திருப்பி அனுப்பினால், திருடன் யாருடைய முகவரியைப் போட்டானோ அந்த அப்பாவிக்குத்தான் போய்ச் சேரும்.

இதையெல்லாம் தாண்டி எதிலும் சிக்காமல் நிற்பவர்கள், தெரியாத ஆட்கள் தனியாக உட்கார்ந்து எழுதிய மெயில்கள். புதிய விசாரணைகள் அவற்றில்தான் வரும். முதல் திட்டப்படி அவற்றை இன்பாக்ஸில் விட்டு, தெரிந்தவர்களின் மெயிலை 'வியாபாரம்' என்ற ஃபோல்டருக்கு மாற்ற நினைத்திருந்தோம். சோதனை ஓட்டத்தில் முதலாளியின் போன் இன்பாக்ஸுக்கு மட்டுமே மணி அடித்தது, மற்ற ஃபோல்டர்களுக்கு அடிக்கவில்லை. ஆர்டருக்கு மணி அடிக்காவிட்டால் என்ன பயன்? அதனால் தெரிந்தவர்கள் இன்பாக்ஸ், புதியவர்கள் 'புது விசாரணை' என்று மாற்றி, அந்த ஃபோல்டரை அக்கா தினமும் காலையும் மாலையும் திறப்பது என்று வைத்தோம். சோதனை முடியும்வரை எல்லா விதிகளும் நகல் மட்டுமே எடுத்தன. அசல் எல்லாம் இன்பாக்ஸிலேயே இருந்தது. விதி தவறினாலும் மெயில் தவறாது என்ற உறுதி இருந்தால்தான் அலுவலகம் நிம்மதியாகச் சோதித்துப் பார்க்கும்.

சாக்கு விற்பவரின் மெயில்

விதிகள் முழுதாக ஓடத் தொடங்கிய பின் நடந்ததுதான் இந்த ஆய்வின் முக்கியப் பகுதி.

ஆலைக்குச் சாக்குப் பை விற்பவரிடமிருந்து மெயில் வந்தது. நடந்துகொண்டிருந்த பேச்சுக்கே பதிலாக வந்தது, கீழே பழைய மெயில்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. பில் தொகை சரி. எழுதும் தோரணையும் அவருடையதே. 'தணிக்கை நடப்பதால் பழைய கணக்கில் போடவேண்டாம், இந்தப் புதுக் கணக்கில் போடுங்கள்' என்று ஒரு வரி மட்டும் கூடுதல். எஸ்பிஎஃப் தேறியது, டிகிம் தேறியது, டிமார்க் தேறியது. தெரிந்தவர்கள் பட்டியலில் உள்ள முகவரி. எல்லா விதியும் இதை நல்ல மெயில் என்றே சொல்லும், மேலே வைத்த அந்த ஒரு விதியைத் தவிர.

சிவப்புக் குறியைப் பார்த்த அக்கா பழைய பில்லில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். "அண்ணா, அக்கவுண்ட் மாத்திட்டீங்களாங்க?" என்று கேட்டார். அவர் அப்படி எதுவும் அனுப்பவே இல்லை. அவருடைய மெயில் கணக்கின் பாஸ்வேர்டே திருடப்பட்டிருந்தது. மெயில் அவருடைய கணக்கிலிருந்துதான் வந்தது, ஆகவே எல்லாச் சோதனையும் நியாயமாகவே தேறின.

அவர் கேட்டுக்கொண்டதால் அவருடைய கணக்கையும் பார்க்கப் போனேன். பாஸ்வேர்டை அவர் அதற்குள் மாற்றியிருந்தார். விதிகள் பக்கத்தைத் திறந்தேன். வெறும் ஒரு புள்ளியைப் பெயராகக் கொண்ட ஒரு விதி அங்கே இருந்தது. ஆலையின் டொமைனிலிருந்து எந்த மெயில் வந்தாலும் படித்ததாகக் குறித்து, யாரும் திறக்காத ஆர்எஸ்எஸ் ஃபீட்ஸ் ஃபோல்டருக்கு நகர்த்து என்பது அந்த விதி. ஆலை 'ஏன் கணக்கை மாற்றினீர்கள்' என்று மெயிலில் கேட்டிருந்தால் அந்தக் கேள்வி அவர் கண்ணில் பட்டிருக்காது. திருடன் அங்கிருந்து எடுத்துப் பதில் சொல்லியிருப்பான்.

நாம் வேண்டாத மெயிலை ஒதுக்கப் பயன்படுத்தும் அதே கருவியால் அவன் உரிமையாளரையே ஒதுக்கிவைத்திருந்தான். பாஸ்வேர்டை மாற்றினால் இந்த விதி போய்விடாது. ஃபார்வர்ட் முகவரி சேர்த்திருந்தால் அதுவும் போகாது. கணக்கு திருடு போனதாகச் சந்தேகம் வந்தால் பாஸ்வேர்டோடு விதிகள், ஃபார்வர்ட், இணைக்கப்பட்ட செயலிகள் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும், பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போடவேண்டும். அவருக்கு அதையெல்லாம் செய்து கொடுத்தேன். அவருடைய மற்ற வாடிக்கையாளர்களுக்கு அன்றே போன் போட்டுச் சொன்னார். யாராவது பணம் அனுப்பியிருந்தால் உடனே 1930க்கு அழைக்கச் சொன்னார். அந்தச் சைபர் குற்ற உதவி எண்ணில் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, பணத்தை வழியில் நிறுத்தும் வாய்ப்பு அவ்வளவு அதிகம்.

எனக்கு இதில் உறைத்த விஷயம் ஒன்று உண்டு. ஆர்டரை விழுங்கிய பழைய ஃபில்டரும் இந்தப் புள்ளி விதியும் ஒரே காரணத்தால்தான் உயிரோடு இருந்தன: விதிகள் பக்கத்தை யாரும் திறந்து பார்க்கவில்லை. முதலாவதை நல்ல எண்ணத்தில் எழுதினார்கள், இரண்டாவதைத் திருட எழுதினார்கள். மெயில் பார்ப்பவருக்கு இரண்டுமே கண்ணில் படவில்லை. ஆகவே ஆலையில் ஒரு வழக்கம் கொண்டுவந்தோம். மாதக் கணக்கு முடிக்கும் அன்று அக்கா விதிகள் பக்கத்தைத் திறந்து, கணக்குக் கோப்பில் இருக்கும் அச்சுப் பிரதியோடு ஒப்பிட்டுக் கையெழுத்துப் போடவேண்டும். ஒவ்வொரு விதிக்கும் எதிரே தமிழில் ஒரு வரி: எதற்காக, யார் கேட்டு, எந்தத் தேதியில். எதற்கு என்று சொல்ல முடியாத விதி இருக்கக்கூடாது.

இப்போதைய நிலை

'பிறகு படிக்க' ஃபோல்டரை அக்கா அநேகமாகத் திறப்பதில்லை, திறக்கவேண்டிய அவசியமும் வரவில்லை. 'சந்தேகம்' ஃபோல்டரைத் தினமும் ஒரு பார்வை பார்க்கிறார். முகவரியை மாற்றிக்கொண்ட வியாபாரிகளும் புது புரோக்கர்களும் சில சமயம் அங்கே போய் விழுகிறார்கள். அவர்களைத் தெரிந்தவர்கள் பட்டியலில் அவரே சேர்க்கிறார், அதற்கு என்னைக் கூப்பிடுவதில்லை. வர்த்தகத் தளங்களில் பதிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஐடி கொடுத்திருக்கிறோம். ஓர் ஐடிக்குச் சம்பந்தமில்லாத குப்பை வரத் தொடங்கினால் எந்தத் தளம் வழியாக அது வெளியே போனது என்று தெரியும், அந்த ஐடியை மட்டும் மூடிவிடலாம்.

விதிகளால் முடியாதவையும் உண்டு. பிடிஎஃப்க்குள் இருக்கும் வங்கிக் கணக்கு எண்ணை இந்தச் சோதனைகள் பார்க்காது. அதற்கு அக்காவிடம் உள்ள விற்பனையாளர் கணக்கு நோட்டுதான் காவல். நோட்டில் இல்லாத கணக்குக்குப் பணம் போகாது என்று முதலாளி வங்கிப் பரிமாற்ற வேலையிலேயே கட்டுப்பாடு வைத்துவிட்டார்.

புனே வியாபாரி நவராத்திரிச் சரக்குக்குத் திரும்ப வந்தார். அந்த ஆர்டர் மெயிலின் சப்ஜெக்ட்டிலும் 'அர்ஜென்ட்' இருந்தது. இன்பாக்ஸில்தான் வந்து நின்றது.

ஆலையின் பெயரில் மற்றவர்களுக்குப் போகும் மெயிலின் பக்கம் இன்னும் வேலை இருக்கிறது. ஆலை டொமைனுக்கு எஸ்பிஎஃப் இருந்தது, டிகிம் இப்போது போட்டாயிற்று. டிமார்க்கை 'எதுவும் செய்யாதே, அறிக்கை மட்டும் அனுப்பு' என்ற நிலையில் வைத்திருக்கிறோம். அறிக்கைகளைப் படித்தபோது, பில் போடும் மென்பொருள் வேறொரு சர்வர் வழியாக ஆலையின் பெயரில் மெயில் அனுப்புவது தெரியவந்தது, அந்த மெயில்களில் கையொப்பம் இல்லை. அந்த மென்பொருள்காரர்களிடம் டிகிம் கேட்டிருக்கிறோம். அது வந்த பிறகுதான் டிமார்க்கை 'சந்தேக ஃபோல்டருக்கு அனுப்பு' என்ற நிலைக்கு உயர்த்த முடியும். அதற்கு முன் உயர்த்தினால், ஆலை அனுப்பும் பில்களே வியாபாரிகளின் ஸ்பேமில் போய் விழும்.